12பி பான்ஸ்-புரூக்ஸ்: ஒளி வரைபடத்திற்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே.

சுமார் 71 ஆண்டுக்கு ஒருமுறை வரும் 12பி பான்ஸ்-புரூக்ஸ் வால்நட்சத்திரம், 2024 ஏப்ரல் 21 அன்று சூரியனை நெருங்கித் திரும்பியது. அப்போது எடுத்த படங்களைக் கொண்டு அதன் ஒளி மாற்றத்தை வரைபடமாக்கி வருகிறேன். இருப்பிடத்தில் சிக்கல் இல்லை. வான்பொருள்களின் இருப்பிடத்தைக் கணித்துத் தரும் நாசாவின் ஹொரைசன்ஸ் சேவையின் கணக்கோடு நன்றாகவே பொருந்துகிறது. ஒளிதான் பிடிகொடுக்க மறுக்கிறது.

படத்தில் ஒளியைக் கூட்டி அளக்கும் வட்டத்தைச் சிறிதாக வைத்தால் நடுப்புள்ளி மட்டும் அகப்படுகிறது. பெரிதாக்கினால் பின்னணி விண்மீன்களும் உள்ளே வந்துவிடுகின்றன. பூமியிலிருந்து அதன் தூரம் மாறிக்கொண்டே இருந்ததால், வட்டத்தை வானில் ஒரே கோண அளவாக வைப்பதா, வால்நட்சத்திரத்தருகே ஒரே கிலோமீட்டர் அளவாக வைப்பதா? இரண்டாவதுதான் சரி என்று தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அடுத்தது வெடிப்புகள். 2023 ஜூலை 20 அன்று ஒளி திடீரென ஏறத்தாழ 100 மடங்கு, அதாவது 5 ஒளித்தரம் (வானியலில் பிரகாசத்தைக் குறிக்கும் அளவு), கூடியது. தலையில் கொம்பு முளைத்ததுபோல் தெரிந்த அந்த அழகை மறக்கவே முடியாது! ஆனால் அத்தகைய நாட்களையும் சேர்த்துக் கோடு வரைந்தால் இயல்பான ஒளியேற்றம் தவறாக வருகிறது. அவற்றை நீக்கிவிடலாமா? நீக்கினால், வெடிப்புக்குப் பின் எத்தனை நாள் வரை?

2024 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேற்கு வானில் இதைப் படமெடுத்தவர்கள், மெருகேற்றாத மூலக் கோப்புகளை உலக நேரக் குறிப்புடன் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். வண்ணம் கூட்டிய படங்களில் ஒளியை அளக்க முடியாது.