ஒன்பது மாதம் வாசிச்ச எங்கட ஊர்ப் பெடியள்

திருகோணமலை உப்புவெளியில கிட்டார், ட்ரம்ஸ் வாசிச்சுப் பாடின அந்த நாலு பெடியளையும் நேரில கேட்ட ஆக்கள் இருந்தா எழுதுங்கோ. முதல்ல நான் எழுதுறன். இசைக்குழுவின்ர பெயரைப் போட வேண்டாம் எண்டு பெடியள் கேட்டவங்கள், அதால போடேல்லை. திருகோணமலை ஆக்களுக்கு ஆரெண்டு விளங்கும்.

2022 தை மாதம் தொடங்கி புரட்டாதியோட முடிஞ்சுது. உப்புவெளியில எங்கட பின்வளவில, அப்பா வலை வைக்கிற தகரக் கொட்டிலுக்குள்ளதான் வாசிச்சுப் பழகினவங்கள். குசினிக்குள்ள நிண்டா எல்லாம் கேட்கும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வாறது சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையிலதான். ஐப்பசி மழை தொடங்கினா கடலும் குழம்பிப்போகும், கடற்கரையில ஆளில்லை. அந்த ஆறு மாதத்துக்குள்ள விடுதிகளில இங்கிலிஷ் பாட்டு வாசிச்சு, வாற காசில, கிட்டார் சத்தத்தைக் கூட்டிற நல்ல அம்ப் ஒண்டு வாங்கிறதுதான் யோசனை. இருபது பாட்டு பாடமாக்கி வைச்சிருந்தவங்கள்.

அதுக்குள்ள இலங்கையில பொருளாதார நெருக்கடியால கரண்ட் வெட்டு வந்திட்டுது. எங்கட பகுதி வெட்டுப் பட்டியலில எந்த எழுத்துக் குழு, எத்தினை மணிக்கு வெட்டு எண்டு காலமை போனில பார்த்துத்தான் பழகிற நேரம் வைப்பாங்கள். பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம். அம்ப் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் பக்கத்தில இருக்கிறவனுக்கு மட்டும்தான் கேட்கும். ட்ரம்ஸ் தம்பி குச்சியை நிலத்தில வைச்சிட்டு விரலால தட்டுவான். பலமா அடிச்சா மற்ற மூண்டு பேரும் வாசிக்கிறது அவனுக்கே கேட்காது. மெழுகுதிரி வெளிச்சத்தில ஒருத்தனுக்கு ஒருத்தன் காது குடுத்து வாசிச்சுத்தான் அவங்கட பாட்டு மெதுவாகினது. வேகமான பாட்டெல்லாம் ஒவ்வொண்டாக் கழண்டு போச்சு. கரண்ட் வந்த நேரமும் அந்த மெதுவை விடேல்லை. நான் அவங்களை விரும்பினது அதுக்காகத்தான்.

கம்பிக் கதையையும் சொல்லோணும். கடல் காத்துக்கு கிட்டார் கம்பி ரெண்டு மூண்டு கிழமையில கறுத்து, விரல் வைக்கிற இடத்தில சொரசொரப்பாகிப் போகும். பங்குனித் தொடக்கத்தில 200 ரூபா அளவில இருந்த டொலர் வைகாசியில 360 ஆகிட்டுது. புதுக் கம்பி வாங்க வழியில்லை. கழட்டி, சுருட்டி, தண்ணியில அவிச்சு, வெயில்ல காயவைச்சுத் திருப்பிப் பூட்டுவாங்கள். நாலு நாளைக்குச் சத்தம் துப்பரவா இருக்கும், பிறகு பழையபடிதான். காஸ் இல்லாத நேரம், விறகடுப்பில, அம்மா புட்டு அவிக்கிற பானையைத்தான் குடுத்தவ.

வைகாசியில முதல் தரம் ஒரு விடுதி முற்றத்தில வாசிச்சாங்கள். வெள்ளைக்காரர் ஒருத்தரும் இல்லை. சமையல்கார அண்ணைமார், தோணிக்காரர், ஒழுங்கைப் பிள்ளையள், நாங்கள். ரெண்டு இங்கிலிஷ் பாட்டு போச்சு, சனம் தன்ர பாட்டில கதைச்சுக்கொண்டிருந்தது. மூண்டாவதா, பாடுற தம்பி தன்ர சொந்தத் தமிழ்ப் பாட்டை எடுத்தான். தேப்பன்ர அந்தியேட்டிச் சடங்குக்கு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய், ஏழு கிணத்திலயும் ஏழு சூட்டில தலைக்குத் தண்ணி வார்த்ததைப் பற்றின பாட்டு. மீன் வெட்டிக்கொண்டிருந்த அண்ணை ஒருத்தர் கையைச் சாரத்தில துடைச்சுக்கொண்டு வந்து மணலில குந்தினவர், முடியும் வரைக்கும் எழும்பேல்லை. வெள்ளைக்காரர் வந்திருந்தா அந்தப் பாட்டு கொட்டிலை விட்டு வெளிய வந்திராது.

எங்கட ஊருக்கு இது புதுசும் இல்லை. பரமேஷ், கோணேஷ் எண்டு திருகோணமலைச் சகோதரர் அந்தக் காலத்திலயே கிட்டாரோட தமிழ்ப் பொப் பாடினவை. 'சுராங்கனி' பாடின ஏ.ஈ. மனோகரனைத் தெரிஞ்ச எங்கட பிள்ளையளுக்கு இவையளைத் தெரியாது. அந்தக் கவலை எனக்கு எப்பவும் இருக்கு.

*

அக்கா, நான் ஸ்பீக்கர் வாடகைக்குக் குடுக்கிறனான். ஆவணியில ஒரு கோயில் திருவிழாவுக்கு இவங்களை நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். அப்ப பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்த புதுசு. ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டர் சைக்கிளுக்கு 4. ஜெனரேட்டருக்கு ஊத்திறதுக்காக நான் ரெண்டு கிழமை ஓட்டோ ஓடாமல் சேர்த்து வைச்சனான். சொந்தப் பாட்டு ரெண்டு முடிய, சினிமாப் பாட்டு பாடுங்கோ எண்டு திருவிழா நடத்தின ஆக்கள் மேடைக்குப் பின்னால வந்து சொல்லிப்போட்டினம். பாடுற தம்பி மைக்கை என்னட்டத் தந்திட்டு ஒண்டும் கதைக்காமல் இறங்கினான். கேட்டவை கெட்ட ஆக்கள் இல்லை, திருவிழாவுக்கு வந்த சனம் கேட்கிறதைத்தான் கேட்டவை. எண்டாலும் இன்னும் ஒரு பாட்டுக்கு இடம் குடுத்திருக்கலாம். எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகேல்லை. வாடகை நான் வாங்கேல்லை.

*

அக்கா, பேஸ் கிட்டார் வாசிச்ச தம்பி எழுதுறன். இப்ப டோஹாவில. எங்களுக்குள்ள சண்டை வந்து உடைஞ்சது எண்டு ஊரில ஒரு கதை இருக்கு. சண்டை ஒண்டும் இல்லை. ட்ரம்ஸ் தம்பிக்கு முதல்ல விசா வந்தது, அவனை இரவு மெயில் ரெயினில ஏத்திவிட்டம். அடுத்த மாதம் எனக்கு வந்தது. வீட்டில கடன், தங்கச்சி ஏ.எல். படிக்கிறாள், நிக்கேலாது. மற்ற ரெண்டு பேரும் கொட்டிலுக்குப் போய் வாசிச்சுப் பார்த்தவங்களாம், ஒரு கிழமையில விட்டிட்டாங்கள்.

கன்னியாப் பாட்டு என்ர போனில இருக்கு. கரண்ட் இல்லாத ஒரு இரவு உங்கட கொட்டிலில எடுத்தது. அம்ப் சுவிட்சை நிப்பாட்ட மறந்திட்டம். ஆறாவது கிணறு பாடேக்க கரண்ட் வந்து அம்ப் 'ம்ம்ம்' எண்டு இரையத் தொடங்கும், ஒழுங்கைப் பிள்ளையள் எல்லாம் 'ஓஓ' எண்டு கத்திறது கேட்கும், உங்கட அம்மா 'தம்பியள், பானையைத் தந்திட்டுப் போங்கோ' எண்டுவா. நாங்கள் நிப்பாட்டாமல் ஏழாவது கிணத்துக்குப் போவம். வெள்ளிக்கிழமை லீவில உங்களுக்கு அனுப்பிறன். அந்த இடத்தை வெட்டாமல் அப்பிடியே வைச்சிருங்கோ.