புதுப்பிப்பு: தண்ணீர் விட்டதும் கலங்கிய 24 வருட விஸ்கி

சுயேச்சை பாட்டிலர் (பிற டிஸ்டிலரிகளின் சரக்கை வாங்கித் தன் பெயரில் அடைத்து விற்பவர்) ஒருவர் வெளியிட்ட 24 வருடக் கிளைன்லீஷ் (ஸ்காட்லாந்து டிஸ்டிலரி ஒன்றின் விஸ்கி), தண்ணீர் விட்டதும் கலங்கிவிட்டது, கெட்டுப்போச்சா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கெடவில்லை. குளிர்வித்து வடிகட்டும் வேலையைச் செய்யாமல் அப்படியே பாட்டிலில் அடைத்தது அது. ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், உள்ளே இருக்கும் கொழுப்பமில எஸ்டர்கள் என்ற எண்ணெய்ப்பசைப் பொருட்கள் பிரிந்து பனிமூட்டம் மாதிரி தெரியும்.

நேற்று மறுபடி 30 மில்லி ஊற்றி, ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் வைத்தேன். பாட்டிலில் 52 சதவீதமாக இருந்த ஆல்கஹால் 45-க்குப் பக்கத்தில் வந்திருக்கும். அப்போதுதான் அணைத்த மெழுகுவத்தி வாசனை எழுந்தது, பின்னாலேயே தேன். அந்த மெழுகு வாசனைதான் கிளைன்லீஷின் அடையாளம்!

அப்புறம், சுயேச்சை பாட்டிலர்கள் பற்றி இன்னொரு சேதி: 1895-இல் ஸ்காட்லாந்தின் எல்ஜின் நகரில் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபெயில் என்ற பாட்டிலர் நிறுவனம், பிறர் டிஸ்டிலரிகளில் புதிதாக வடித்த சரக்கைப் பீப்பாயில் நிரப்புவதை 2024 முதல் நிறுத்திவிட்டது. பழைய இருப்பு இன்னும் பல வருடம் வரும். இருந்தாலும் மனசு கனக்கிறது.