யூனியன் தீவிலிருந்து கரியாக்கூ போக வழி இருக்கிறதா?

நானும் அம்மாவும் செவ்வாயிலிருந்து கரீபியனில், செயின்ட் வின்சென்ட் அண்ட் தி கிரெனடைன்ஸ் நாட்டின் பெக்கியா தீவில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். மாட்டிக்கொண்டதற்கு நல்ல இடம்தான். பிரின்சஸ் மார்கரெட் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் கால் விரல் தெரிகிறது. ஆனால் ஞாயிறு மதியம் கிரெனடாவில் விமானம்.

இதே நாட்டின் யூனியன் தீவிலுள்ள கிளிஃப்டன் வரை ஃபெர்ரி உண்டு. அங்கிருந்து கரியாக்கூ தீவு கண்ணுக்கெட்டிய தூரம்தான், ஆனால் அது கிரெனடாவைச் சேர்ந்தது, வேறு நாடு. கிளம்பும்போது ஒரு முத்திரை, கரியாக்கூவின் ஹில்ஸ்பரோவில் இறங்கியதும் இன்னொன்று.

இங்கே பெக்கியாவின் போர்ட் எலிசபெத் படகுத்துறையில் இரண்டு நாள் விசாரித்தேன். ஒருவர் வாரம் இருமுறை படகு என்றார், இன்னொருவர் 2024 பெரில் புயலுக்குப் பிறகு எதுவும் நிச்சயமில்லை என்றார். பாய்மரப் படகுக்காரர் ஒருவர் சரி என்றுவிட்டு, எங்களைப் பணியாளர் பட்டியலில் சேர்க்க வேண்டுமே என்று பின்வாங்கினார். செயின்ட் வின்சென்ட் திரும்பிப் பறக்கலாமென்றால் சனி வரை இடமில்லை.

இரண்டு பைகள். அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி. ஆடுகிற சிறு படகில் தாவி ஏற முடியாது. கையில் கிழக்குக் கரீபியன் டாலர் 600 இருக்கிறது.

சமீபத்தில் கிளிஃப்டனிலிருந்து கரியாக்கூவுக்குக் கடந்தவர்கள், எந்தப் படகில், எந்தக் கிழமை போனீர்கள்?