புதுப்பிப்பு: பல ஓவிய வேலைகள், ஒரே நேரத்தில்

திங்கள் எண்ணெய் வண்ணம், செவ்வாய் அக்ரிலிக் (நீரில் கரைத்துப் பூசும், சீக்கிரம் காயும் வண்ணம்), புதன் நீர்வண்ணம் என்று நாள்வாரியாகப் பிரிக்கலாம் என முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. பிரிக்க வேண்டியது காயும் நேரத்தை வைத்துத்தான்.

எண்ணெய் வண்ணத்தில் மெல்லியதாகப் பூசிய அம்பர் (மண்பழுப்பு நிறம்) ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாது. டைட்டானியம் வெள்ளையும் ஐவரி கறுப்பும் ஒரு வாரம் தாண்டியும் ஈரமாக இருக்கலாம். அந்த ஈரத்தின் மேல் சீக்கிரம் காயும் அடுக்கைப் பூசினால், அடியில் உள்ளது பிறகு காய்ந்து அசையும்போது மேலடுக்கு வெடிக்கும். ஆகவே அடிப்பூச்சு அம்பரில், எண்ணெய் குறைவாக. அது காயும் இடைவெளிதான் வேறொரு கேன்வாஸில் அக்ரிலிக் வேலைக்கான நேரம். நீர்வண்ணத்தை அந்த இடைவெளியில் திணிக்காதீர்கள். ஒரு வாஷை (நீர் கலந்து பரவலாகப் பூசும் மெல்லிய நிறப்பூச்சை) பாதியில் விட்டால் ஓரம் காய்ந்து கோடு விழும், பிறகு அழிப்பது பெரும்பாடு.

வேலையை நிறுத்தும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் அடுத்து செய்ய வேண்டியதை ஒரே வரியில் எழுதி, கலவை விகிதத்தையும் (அல்ட்ராமரின் 2 பங்கு, எரித்த சியன்னா 1 பங்கு என்பதுபோல) குறித்து, பக்கத்தில் அந்த நிறத்தையே ஒரு தீற்று தீற்றி, கேன்வாஸின் பின்சட்டத்தில் ஒட்டிவையுங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் சற்றுக் கருக்கும். ஈரக் கலவையைப் பழைய பூச்சோடு கண்ணால் ஒப்பிட்டால் ஏமாறுவோம். காய்ந்த தீற்றோடு காய்ந்த தீற்றை ஒப்பிட வேண்டும். மீந்த அக்ரிலிக் கலவையைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் மூடிவையுங்கள்.

தூரிகைகள் தனித்தனியாக இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தூரிகை நீர்வண்ணத் தாளில் பட்டால் அந்த இடத்தில் நிறம் ஏறாது.