2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்போட கடைசி கேம், அந்த 55வது மூவ், எங்க குடும்ப குரூப்ல

தம்பி: யாராவது பாக்குறீங்களா குகேஷ் - டிங் 14வது கேம், குயின் எல்லாம் போயி ரூக் (யானை) பிஷப் (மந்திரி) எண்டிங் வந்துருச்சு, குகேஷுக்கு ஒரு பான் (சிப்பாய்) கூடுதல்

அண்ணன்: எஞ்சின் பார் (யாரு கை ஓங்குதுன்னு கம்ப்யூட்டர் காட்டுற கோடு) நடுவுலயே நிக்குதுடா. 0.00. நாளைக்கு டைபிரேக் தான், கம்மி டைம்ல ஆடுற ரேபிட் கேம்

பெரியப்பா: சந்தேகமே இல்ல டிரா. சிப்பாய் எல்லாம் ஒரே பக்கம் இருக்கு. நடப்பு சாம்பியன் டிங், கண்ணை மூடிக்கிட்டு ஆடினாலும் தோக்க மாட்டான். இதை நானே டிரா பண்ணுவேன்

சித்தி: அப்போ கை குடுத்துட்டு எந்திரிக்க வேண்டியது தானே, எதுக்கு இன்னும் உக்காந்திருக்காங்க

தம்பி: சித்தி 40 மூவ் முடியுற வரைக்கும் பேசி டிரா பண்ணக்கூடாதுன்னு ரூல். அது தாண்டியாச்சு, இப்போ பண்ணலாம், ஆனா குகேஷ் ஏன் பண்ணனும் சொல்லுங்க, பான் கூட இருக்கு, டைமும் கூட இருக்கு, தோக்க சான்ஸே இல்ல, சும்மா நோண்டிக்கிட்டே இருக்க வேண்டியது தான்

நான்: டைபிரேக் போனா டிங் கை ஓங்கும்னு தோணுது. ரேபிட்ல அவர் ஸ்ட்ராங், 2023 உலக சாம்பியன்ஷிப்ல, அஸ்தானால ரஷ்யாவோட நெப்போம்னியாச்சியை ரேபிட்ல தானே முடிச்சாரு. அதான் இன்னிக்கு வெள்ளை கிடைச்சும் ரிஸ்க்கே எடுக்காம காயை கழிச்சுக்கிட்டே வந்தாரு

அக்கா: நான் 11வது கேமோட விட்டுட்டேன், ஸ்கோர் என்ன இப்போ

தம்பி: 6.5 - 6.5 அக்கா. 12வது கேமை டிங் அடிச்சுட்டாரு, 13 டிரா

அக்கா: அடப்பாவி 11 ஜெயிச்சதும் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்

பெரியப்பா: 12வது கேம் தான் இந்த மேட்ச்லயே அழகான கேம். ஒரு தப்பு கிடையாது. முந்தின கேம்ல அப்படி ஒரு குயின் மூவ் போட்டு தோத்துட்டு அடுத்த கேம்லயே வந்து இப்படி ஆடுறதுக்கு ஒரு நெஞ்சு வேணும். டிங்கை யாரும் லேசா பேசாதீங்க, நல்லா இருந்த காலத்துல நூறு கேம் தோக்காம போனவன்

சித்தி: அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சுன்னு படிச்சேனே அத்தான்

பெரியப்பா: ஆமாம்மா, சாம்பியன் ஆனப்புறம் மனசு ரொம்ப தளர்ந்து போச்சு, ஆடுறதையே நிறுத்தி வச்சிருந்தான். இந்த மேட்சுக்கு முன்னாடி எல்லாரும் குகேஷ் சுலபமா ஜெயிப்பான்னாங்க. முதல் கேமே கறுப்புல பிரெஞ்ச் டிஃபென்ஸ்ங்கிற ஓபனிங் ஆடி ஜெயிச்சு வாயை மூட வச்சான்

நான்: 3வது கேம்ல டைம் விட்டுட்டாரே பெரியப்பா, 40 மூவ்க்கு 2 மணி நேரம், நடுவுல ஒரு செகண்டு கூட ஏறாது, 37வது மூவ்லயே கொடி விழுந்துருச்சு

அண்ணன்: ஏறக்குறைய எல்லா கேம்லயும் டைம் பிரச்சனை தான் அவருக்கு

தம்பி: ஐயோ

தம்பி: ஐயோ ஐயோ

தம்பி: டிங் ரூக்கை எஃப்2 கட்டத்துல போட்டுட்டாரு

அண்ணன்: பார் பாருங்க பார் பாருங்க கறுப்பு, குகேஷ் பக்கம், அப்படியே மேல ஏறிடுச்சு

சித்தி: என்னடா ஆச்சு யாராவது சொல்லுங்க

அண்ணன்: இருங்க சித்தி குகேஷ் இன்னும் பாக்கல போல

அண்ணன்: பாத்துட்டான்!! தண்ணி குடிக்கிறான் முகத்தை பாருங்க

நான்: டிங்குக்கும் புரிஞ்சுருச்சு, முகமே மாறிப்போச்சு

தம்பி: ரூக் வெட்டியாச்சு... பிஷப் டி5... முடிஞ்சுது முடிஞ்சுது முடிஞ்சுது

தம்பி: ரிசைன்!!! வேர்ல்ட் சாம்பியன்!!! 7.5 - 6.5!!!

அக்கா: 18 வயசு!! காஸ்பரோவே 1985ல 22 வயசுல தான் ஆனாரு

சித்தி: பையன் அழுறான் பாருங்க. எனக்கும் வருது. அழுதுக்கிட்டே காயெல்லாம் பழையபடி அடுக்கி வைக்கிறான்

சித்தி: சரி இப்போவாவது ஒருத்தர் சொல்லுங்க என்ன தான் தப்பு பண்ணாரு அவரு

நான்: சித்தி, டிங்கோட பிஷப் ஏ8ல, மூலையில உக்காந்திருந்துச்சு. குகேஷ் ராஜாவை வச்சு ரூக்கை மிரட்டினான், அவரு அதை எஃப்2க்கு இழுத்தாரு. அங்க ரூக்கும் ரூக்கும் வெட்டிக்கலாம். வெட்டினதும் குகேஷ் பிஷப்பை டி5ல கொண்டு வந்து நேருக்கு நேர் நிறுத்திட்டான், மூலையில இருக்குறதுக்கு தப்பிச்சு ஓட ஒரு கட்டம் கூட கிடையாது, அதுவும் வெட்டிக்கணும். அப்புறம் மிச்சம் ராஜாவும் சிப்பாயும் தான், அதுல ஒரு சிப்பாய் கூடுதலா இருந்தா போதும், கணக்கு முடிஞ்சுது. பிஷப் வேற எங்கயாவது இருந்திருந்தா இதே ரூக் எஃப்2 ஒண்ணும் ஆகியிருக்காது

பெரியப்பா: சந்தோஷம் தான், நம்ம புள்ள. ஆனா உண்மையை சொல்லணும்ல. இது ஜெயிச்சது இல்ல, குடுத்தது. உலக சாம்பியன்ஷிப் கடைசி கேம் இப்படியா முடியணும். முன்னாள் சாம்பியன் கிராம்னிக் கூட சலிச்சுக்கிட்டு எழுதியிருக்கானாம்

தம்பி: பெரியப்பா அந்த கிராம்னிக் தான் 2006ல ஜெர்மனி பான் (Bonn) நகரத்துல கம்ப்யூட்டரோட ஆடுறப்போ ஒரே மூவ்ல செக்மேட் வாங்கினாரு, அப்போ அவர் உலக சாம்பியன்

அண்ணன்: ஹாஹாஹா அப்பா பதில் சொல்லுங்க

பெரியப்பா: அது மிஷினுக்கு எதிரா. அது வேற. இப்போ பிரஸ் மீட்ல குகேஷே சொல்றான் பாரு, முதல்ல கவனிக்கவே இல்ல, ரூக் பி3 போட இருந்தேன்னு. அப்போ அதிர்ஷ்டம் தானே

நான்: போட இருந்தான், போடலயே பெரியப்பா. அது தான் வித்தியாசம். 2014 சோச்சி உலக சாம்பியன்ஷிப், கார்ல்சன் - ஆனந்த், ஞாபகம் இருக்கா, 6வது கேம், கார்ல்சன் ராஜாவை டி2க்கு கொண்டு போயி பெரிய ஓட்டை விட்டாரு. குதிரையை வச்சு இ5 சிப்பாயை வெட்டியிருந்தா ஆனந்த் கேமே ஜெயிச்சிருப்பாரு. ஒரு நிமிஷத்துல ஏ4 போட்டுட்டாரு, அந்த கேமும் போச்சு. தப்பு நடக்குறது ஒண்ணு, அதை அந்த நேரத்துல பாக்குறது இன்னொண்ணு

பெரியப்பா: அதை ஏன்டா ஞாபகப்படுத்துற. ரெண்டு நாள் எனக்கு தூக்கம் இல்ல அப்போ

தம்பி: 1892 ஹவானா உலக சாம்பியன்ஷிப் இன்னும் மோசம். சிகோரின் ஒரு காய் கூடுதலா வச்சுக்கிட்டு அப்போதைய சாம்பியன் ஸ்டைனிட்ஸை ஜெயிக்கப்போற கேம், மேட்டை மறைச்சுக்கிட்டு நின்ன பிஷப்பையே நகத்தி ரெண்டு மூவ்ல மேட். மேட்சே அதோட முடிஞ்சுது. ஸ்டைனிட்ஸ் ஜெயிச்சது செல்லாதுன்னு யாராவது சொல்றாங்களா

அக்கா: இவன் படிக்கிற புக்ல இதெல்லாம் இருக்குமா இல்ல இது மட்டும் தான் இருக்குமா

நான்: இன்னொண்ணு பெரியப்பா, இந்த மேட்ச் முழுக்க குகேஷ் பண்ணது இது தான். டிங் அதே மூவை ரிப்பீட் பண்ணி டிரா எடுக்க பாக்குறப்போ எல்லாம் இவன் வேற மூவ் போட்டு ஆட்டத்தை இழுப்பான், சில சமயம் எனக்கே கோவம் வரும், பேசாம டிரா எடுடான்னு. நாலுல இருந்து பத்து வரைக்கும் ஏழு டிரா, பல கேம் எதிராளியை முழுசா பிழிஞ்ச டிரா. இன்னிக்கு அவரு தடுமாறினது சும்மா இல்ல

பெரியப்பா: இழுக்குறது சரி. ஆனா அந்த பொசிஷன் டிரா. சும்மா உக்காந்து ரூக்கை ஆட்டிக்கிட்டு இருந்தா டிரா

தம்பி: அப்போ ஆடி காட்டுங்க. லிச்செஸ் (ஆன்லைன் செஸ் சைட்) ல அந்த பொசிஷனை செட் பண்றேன். நீங்க வெள்ளை. பத்து நிமிஷம் தான்

சித்தி: ஆடுங்க அத்தான் ஆடுங்க

பெரியப்பா: லிங்க் போடு

அண்ணன்: அப்பா கண்ணாடியை தேடுறாரு

அண்ணன்: 20 மூவ் ஆச்சு, இன்னும் ஒண்ணும் ஆகல, பிஷப்பை நடுவுலயே வச்சிருக்காரு

அண்ணன்: 50 தாண்டியாச்சு. பார் அசையவே இல்ல

தம்பி: டிரா

பெரியப்பா: பாத்தியா!! நான் சொன்னேன்ல!! டைம் கூட மிச்சம் இருக்கு எனக்கு!!

அக்கா: போச்சு இனிமே வர்ற கல்யாணம் காதுகுத்துல எல்லாம் இதே கதை தான்

தம்பி: பெரியப்பா நீங்க டிரா பண்ணது என்கிட்ட. அங்க கறுப்புல உக்காந்திருந்தது குகேஷ்

பெரியப்பா: பொசிஷன் ஒண்ணு தானேடா

தம்பி: சரி இப்போ மாத்தி ஆடலாம், நீங்க கறுப்பு, ஜெயிச்சு காட்டுங்க

பெரியப்பா: டிரா பொசிஷன்ல எப்படிடா ஜெயிக்குறது

நான்: 😂😂

சித்தி: 😂

பெரியப்பா: லிங்க் போடு பாக்கலாம்