வெறுமையான எண்ணெய்த் தாங்கி சூறாவளிக்கு நிற்குமா?

ஒலுவில்_மாணவன்:
இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு ஒரு பெற்றோல் தாங்கி வடிவமைக்கிறேன். விட்டம் 30 மீற்றர், உயரம் 12, மேல் திறந்தது, உள்ளே மிதக்கும் கூரை, இடம் மட்டக்களப்புக் கரையோரம். ஏபிஐ 650 (எண்ணெய்த் தாங்கிகளுக்கான அமெரிக்கத் தர விதி) படி 2 மீற்றர் அகலத் தகடு ஆறு வரிசை, கீழிருந்து 11, 9, 8 மில்லிமீற்றர், மேல் மூன்றும் 6. காற்றுக்குப் புரளுமா என்று பார்த்தால் புரளாது போலத்தான் தெரிகிறது. அத்தோடு விடலாமா அண்ணாமார்?

கல்லடிக்காரன்:
விடாதே தம்பி. முதலில் எந்த வேகம் எடுத்தாய்? 1978 சூறாவளிக்குப் பிறகு 1980இல் வந்த கட்டடக் கையேட்டில் நம் கரையோரம் முதலாம் வலயம். சாதாரணக் கட்டடத்துக்கு செக்கனுக்கு 49 மீற்றர், அனர்த்தத்துக்குப் பிறகும் இயங்க வேண்டியவற்றுக்கு 54. புயல் ஓய்ந்த மறுநாள் லொறிக்கும் ஜெனரேட்டருக்கும் எண்ணெய் வேண்டும், ஆகவே 54ஐ எடு. அது மணிக்கு 194 கிலோமீற்றர், சுவரில் ஏறத்தாழ 0.9 கிலோ பாஸ்கல். புரட்டும் திருப்புதிறனைப்போல ஐந்து மடங்கு சுவரின் எடையே தாங்கும், அதில் நீ சொன்னது சரி. ஆனால் இவ்வளவு அகலமான தாங்கி புரண்டு கெடுவதில்லை, காற்று வரும் பக்கத்துச் சுவர் உள்ளே நசுங்கித்தான் கெடுகிறது, அதுவும் உள்ளே முட்டுக்கொடுக்க எண்ணெய் இல்லாமல் காலியாக இருக்கும்போது. கூரை சுவரைப் பிடிக்காததால் மேல் விளிம்பில் ஒரு விண்ட் கேர்டர் (சுவரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் உருக்கு வளையம்) கட்டாயம். இடையிலும் ஒன்று வேண்டுமா என்று பார்.

தகட்டுக்கணக்கு:
அதை நான் போட்டுப் பார்த்தேன். 6 மில்லிமீற்றர் தகடு 30 மீற்றர் விட்டத்தில், 194 வேகத்துக்கு, வளையம் இல்லாமல் 4.9 மீற்றர் உயரம் வரைதான் நிற்கும். கீழ்த் தகடுகள் தடிப்பானவை என்பதால் அவற்றின் உயரத்தை 6 மில்லிமீற்றருக்குச் சமமாக்க வேண்டும் (தடிப்பு விகிதத்தின் 2.5 அடுக்கு): 11க்கு 0.44, 9க்கு 0.73, 8க்கு 0.97, மேலே முழு 6 மீற்றர். மொத்தம் 8.14. இது 4.9ஐ விட அதிகம், ஆனால் அதன் இரு மடங்குக்குள்; ஆகவே இடையில் ஒரு கேர்டர் போதும், பாதியில், மேலிருந்து 4.07இல். ஆனால் உன் தகட்டு ஒட்டு சரியாக 4 மீற்றரில் வருகிறது! கிடை ஒட்டுக்கு 150 மில்லிமீற்றருக்குள் கேர்டர் வரக்கூடாது, 4.2க்கு இறக்கு. அப்போதும் மேலும் கீழும் 4.9க்குள்தான்.

ஒலுவில்_மாணவன்:
நன்றி அண்ணா, ஒட்டு விஷயம் மென்பொருள் சொல்லவே இல்லை. துருப்பிடித்தால்?

தகட்டுக்கணக்கு:
நல்ல கேள்வி. மேல் தகடு 5 மில்லிமீற்றராகத் தேய்ந்தால் 4.9 மீற்றர் 3.1க்கு விழும். 1 மில்லிமீற்றர்தான் போனது, உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. உப்புக்காற்று ஊரில் தேய்ந்த தடிப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லி உன் அறிக்கையில் எழுது. 7 மில்லிமீற்றர் போட்டாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

வாவிக்கரை:
காற்றையே பேசுகிறீர்கள், தண்ணீரையும் பாருங்கள். 2005இல் கத்ரீனாவின்போது லூசியானாவில் ஒரு தாங்கியை வெள்ளம் தூக்கி நகர்த்தி, 25,000 பீப்பாய் அளவில் மசகு (கச்சா) எண்ணெய் குடிமனைகளுக்குள் போனது. இந்த 30 மீற்றர் தாங்கி காலியாக இருந்தால் சுற்றுக்கட்டுக்குள் (கசிவைத் தடுக்கத் தாங்கியைச் சுற்றிக் கட்டும் அணை) ஒரு அடி மழைநீர் தேங்கினாலே மிதக்கும், மார்கழி மழைக்கு அது பெரிய விஷயமா? புயல் எச்சரிக்கை வந்தால் காலித் தாங்கியில் தண்ணீராவது நிரப்பவேண்டும், 1 மீற்றர் ஏற்றினாலே 700 தொன். நங்கூரம் போடுவதானால் அடித்தளத்தோடு சேர்த்து இப்போதே கீறிவிடு.