தம்பியை வேலைக்கு அனுப்பலாமா, இன்னும் பொறுக்கணுமா?

கேள்வி:
தம்பிக்கு 29 வயசு, ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). காதுல கேக்கற குரல்கள் குறைஞ்சிருக்கு, நிக்கலை. தினமும் "வேலைக்குப் போறேன்க்கா"ங்கிறான். வீட்டுல "முதல்ல குணமாகட்டும்"ங்கிறாங்க. போன வேலையில பதினோரு நாள்தான். மாத்திரை மயக்கத்துல காலையில எழவே முடியலை.

பதில் 1:
எனக்கு பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்கற நோய்). முழுசா குணமாகட்டும்னு இருந்திருந்தா இன்னும் கட்டில்லதான் கிடப்பேன். மனநோய் இருக்கறவங்க வேலைக்குப் போக ஐ.பி.எஸ்-னு (Individual Placement and Support) ஒரு முறை இருக்கு. ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர்னு ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவுல உருவாக்கினது. மாசக்கணக்கில் பயிற்சி கொடுத்து அப்புறம் வேலை தேடறதில்லை. நேரா சாதாரண சம்பள வேலை, ஆதரவு அதுக்கப்புறமும் தொடரும். "வேலை வேணும்"னு அவர் கேக்கறதே தகுதி. 2007-ல் லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஐரோப்பிய ஆய்வில் 312 பேர். இந்த முறையில் 55%, வழக்கமான பயிற்சியில் 28% பேர் ஒரு நாளாவது வேலை பார்த்தாங்க. "ஒரு நாளாவது"ங்கிறதைக் கவனிங்க, நிலைச்சுதுன்னு அர்த்தமில்லை.

பதில் 2:
பதினோரு நாள் தோல்வி இல்லைங்க, தகவல். மாத்திரை நேரத்தை மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க (நீங்களா மாத்தாதீங்க). மதிய ஷிஃப்ட் தேடுங்க. நோயை முதலாளிகிட்ட சொல்றதா வேண்டாமான்னு தம்பியே முடிவு பண்ணட்டும்.

கேள்வி கேட்டவர்:
மதிய ஷிஃப்ட்! எங்களுக்குத் தோணவே இல்லை. அவன்கிட்ட காட்டினேன், "பதினோரு நாள் இல்லக்கா, பன்னெண்டு"ங்கிறான்.